குழலில் கூப்பிட்ட பேர்

ஏற்காட்டில் கடந்த முப்பது வருஷத்தில் செத்துப்போன கிறிஸ்தவர்களில் பாதிப்பேரைச் சூசைமாணிக்கம்தான் ஊதி வழியனுப்பினார். கோவில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் பெட்டிக்கு முன்னால் பேண்ட் செட் போகும். அதில் முதல் வரிசையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கிளாரினெட் ஊதிப் போகிற ஒல்லியான மனுஷன் அவர்தான். மற்ற நாளில் கிளியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் மிளகுக்கு ஏணி ஏறுவார், காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டுவார். வயசு ஐம்பத்தெட்டு. மூச்சு மட்டும் இருபது வயசுக்காரனுடையது. அதை அவரே சொல்லுவார், யாரும் கேட்கவே வேண்டியதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, அவர் ஊதினால் கல்நெஞ்சக்காரனும் கண்ணைத் துடைப்பான். ஒரு சுரத்தைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். குழைப்பார், இழுப்பார், மேலே கொண்டுபோய் ஒரு சுழி சுழித்துத்தான் கீழே இறக்குவார். "மொட்டையா ஊதறதுக்கு பஸ் ஹாரன் போதுமே, நான் எதுக்கு?" என்பார். கல்யாணமோ சாவோ, தூரத்தில் கேட்கும்போதே 'சூசை அண்ணன் கை அது' என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

இன்னொன்று, மனுஷன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், சனிக்கிழமை ராத்திரி உயிர்ப்புப் பூசை வரைக்கும் கோவிலில் மணி கிடையாது, வாத்தியம் கிடையாது. மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைத் தட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்குதான். ஆனால் சூசைமாணிக்கம் வியாழக்கிழமையே கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பெண்சாதி மரியசெல்வியிடம் கொடுத்துவிடுவார். ஒரு வருஷம் பேண்ட் செட்டில் ரெண்டு பேர் பெரிய வெள்ளியன்று காதும் காதும் வைத்தாற்போல் சேலத்தில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். அதோடு அவர்களைச் செட்டை விட்டே தூக்கிவிட்டார். கெஞ்சிப் பார்த்தார்கள், அவர்களுடைய அம்மாமார்கள் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். ஹும், மசியவில்லை.

ஊரையெல்லாம் ஊதி அனுப்பிய இந்த மனுஷனுக்குத் தன் மகனை ஊதி அனுப்பக் கொடுத்து வைக்கவில்லை. கிங்ஸ்டன் அவருடைய ஒரே பையன். கொரோனா ரெண்டாவது அலையில், மே மாதத்தில், சேலத்து ஆஸ்பத்திரியில் போனான். இருபத்துமூணு வயசு. வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் என்று வாசலில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, அவர்கள் வீட்டைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போனது. வண்டி போவதை மட்டும் தகரத்து மேலாகப் பார்த்தார்கள். வெள்ளை உறை போட்ட நாலு பேர் இறக்கி மூடினார்களாம். கால் மணி நேரம். மணி இல்லை, பாட்டு இல்லை, ஒரு 'பிதா சுதன்' சத்தமாகச் சொல்லக்கூட ஆள் இல்லை. சூசைமாணிக்கம் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்த மாதிரிக் கொடுமையை எதிரிக்குக்கூட நினைக்கக் கூடாது.

இப்போது ஒபின்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒபின்னா நைஜீரியாக்காரன். அங்கே கிழக்குப் பக்கம், இக்போ ஜனங்கள். கேரளத்தில் பந்தாட வந்தவன், முட்டி போய்விட்டது, ஏற்காட்டில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் கோச்சாகச் சேர்ந்தான். பதினொரு வருஷம் ஆயிற்று. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கை வைக்கப் போனான் பாருங்கள், நடந்து போகவில்லை, ஆடிக்கொண்டு போனான்! ஆறடி ஆள், கையில் ரெண்டு தேங்காயை வைத்துக்கொண்டு, தோளை அசைத்து, காலை மாற்றி மாற்றிப் போட்டு, பீடம் வரைக்கும். பெண்கள் பக்கம் முக்காட்டுக்குள் சிரிப்பு. சூசைமாணிக்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பிற்பாடு தமிழ் வந்தபின் ஒபின்னாவே அவரிடம் கேட்டான்: "அண்ணா, கடவுளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறப்ப எப்பிடிங்க சும்மா நடக்கறது?" அன்றிலிருந்து ரெண்டு பேரும் சிநேகிதம்.

சேலத்துத் தமிழ்தான் பேசுவான். 'ஏனுங்க', 'நொம்ப' எல்லாம் நாக்கில் சுத்தமாக வரும். ஞாயிறு சாயங்காலம் எஸ்டேட் பையன்களுக்கும் கடைவீதிப் பையன்களுக்கும் சும்மாவே ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். மைதானத்தில் அவன் பேர் சொல்லி யாரையும் கூப்பிட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு ஜாண் நீளத்தில் மரக்குழல் ஒன்று வைத்திருப்பான், அவர்கள் பாஷையில் ஓஜா. ஒவ்வொரு பையனுக்கும் அதில் ஒரு அழைப்பு. நாலு சுரம் ஒருத்தனுக்கு, மூணு சுரம் இன்னொருத்தனுக்கு. தன் அழைப்பு கேட்டதும் கையைத் தூக்கி 'ஓய்' என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும்.

"எங்க குடும்பத்துல ஆளுக்கு ரெண்டு பேருங்கண்ணா," என்றான் ஒரு நாள். "ஒண்ணு வாயில சொல்றது. இன்னொண்ணு குழல்ல ஊதறது. புள்ள பொறந்து எட்டாம் நாளு எங்க மாமன் வந்து ஊதுவாரு. அப்பறம் சந்தையில ஆயிரம் பேரு நின்னாலும் அந்த ஊதுக்கு நான் ஒருத்தன்தான் திரும்பிப் பாக்கணும். பாஸ்போர்ட்டுல இருக்கற பேரு கவர்மெண்டுக்கு. குழல்ல இருக்கறதுதான் நான்."

வாரத்தில் நாலு நாள் ராச்சாப்பாடு சூசைமாணிக்கம் வீட்டில்தான். கீழே சரிவுப் பாதை ஏறும்போதே தன் அழைப்பைத் தானே ஊதிக்கொண்டு வருவான். அஞ்சு சுரம், முதல் மூணு ஏறும், நாலாவது கீழே விழும், கடைசி அங்கேயே நிற்கும். அது கேட்டதும் மரியசெல்வி உலையில் இன்னொரு ஆழாக்கு அரிசி சேர்த்துப் போடுவாள். "வந்துட்டானுங்க, பெரிய வயித்துக்காரத் தம்பி" என்பாள். கிங்ஸ்டன் உள்ளேயிருந்து அதைச் சீட்டியடித்துப் பதில் கொடுப்பான். கிங்ஸ்டனுக்கும் ஒரு அழைப்பு இருந்தது, நாலே சுரம், கடைசியில் ஒரு துள்ளல். மைதானத்தில் அதிகம் கேட்டது அதுதான்.

பையன் போய், தகரத்தைப் பிரித்தபின், புருஷனும் பெண்சாதியும் ஒபின்னாவுமாகக் கல்லறைக்குப் போனார்கள். ஒபின்னா முழங்காலில் இருந்து ஜெபம் சொன்னான். அப்புறம் குழலை எடுத்துக் கிங்ஸ்டனின் அழைப்பை ஆரம்பித்தான். ரெண்டு சுரம்கூட முடியவில்லை. மரியசெல்வி பாய்ந்து அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"கூப்பிடாதீங்க தம்பி. அவன் வரமாட்டான். கூப்பிட்டு அவன் வரலைன்னா எனக்குத் தாங்காது."

அவள் திருப்பிக் கொடுத்த குழலை ஒபின்னா பையில் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம் அந்த நாலு சுரத்தை அந்த மலையில் யாரும் கேட்கவில்லை. வேறு எந்தப் பையனுக்கும் அதைக் கொடுக்கவுமில்லை அவன்.

அந்த ஒபின்னா இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் செத்துப்போனான். நாற்பத்துநாலு வயசு. நெஞ்சு வலி. காலையில் ஆட்டத்துக்கு வரவில்லையே என்று வாட்ச்மேன் போய்க் கதவைத் தட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது.

வெளிநாட்டு ஆள் செத்தால் லேசில் புதைத்துவிட முடியுமா? போலீஸ், எம்பஸி, குடும்பத்தின் சம்மதக் கடிதம் என்று இருபத்திரண்டு நாள் இழுத்தது. ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை, அங்கேயே வையுங்கள் என்று அவனுடைய அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் பெரிய வாரம் புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை உடம்பைக் கொடுப்போம், அதற்குமேல் ஒரு நாள் வைத்திருக்க மாட்டோம் என்று சேலத்தில் சொல்லிவிட்டார்கள். ஆக, அடக்கம் சனிக்கிழமை காலை. பெரிய சனி! வருஷத்தில் முன்னூற்று அறுபத்தஞ்சு நாள் இருக்க, மணியும் பாட்டும் இல்லாத நாளாகப் பார்த்து அமைந்தது.

புதன் சாயங்காலம் அவனுடைய அம்மா வீடியோவில் வந்தாள். சூசைமாணிக்கத்தின் மகள் அபிஷா ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறாள், இங்கிலீஷ் தெரியும். அவள்தான் நடுவில். அம்மாவின் தலையில் நீலத் துணி சுற்றியிருந்தது. அழவில்லை. அழுது முடித்த முகம்.

"குழல் ஊதற அண்ணன் ஒருத்தர் இருக்காருன்னு எம் பையன் சொல்லுவான். அவருங்களா?"

"நாந்தானுங்கம்மா," என்றார் சூசைமாணிக்கம். அபிஷா சொன்னாள்.

"அவனை எனக்காகக் கூப்பிடணும். குழியில இறக்கறதுக்கு முன்னால மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் காத்திருக்கணும். அவன் பதில் சொல்ல மாட்டான். மூணாவது தடவை அவனுக்குப் பதிலா அவனைச் சேர்ந்தவங்க கையைத் தூக்கிக் குரல் கொடுக்கணும். போன்லயே இருக்கேன், நான் கொடுக்கறேன். அப்பறம் அவன் போகலாம்."

மரியசெல்வி ஓரமாகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே மகளிடம், "கூப்பிடலைன்னா என்னாகும்னு கேளு கண்ணு" என்றாள்.

அபிஷா கேட்டாள். அந்த அம்மா இப்படிச் சொன்னாள்:

"பந்தாட்டத்துல, கோட்டுக்கு வெளிய ஒருத்தன் ஷூவைக் கட்டிட்டு நிப்பான் பாத்திருக்கீங்களா? கோச் எப்பக் கூப்பிடுவாருன்னு. அப்பிடியே நின்னுட்டிருப்பான். ஆட்டமும் இல்ல, ஊட்டுக்கும் போக முடியாது."

மரியசெல்வியின் விரல் நின்றுபோனது. எழுந்து உள்ளே போனாள். பூண்டு அப்படியே முறத்தில் கிடந்தது.

சூசைமாணிக்கம் கிளாரினெட்டை எடுத்தார். பதினொரு வருஷமாகச் சாயங்காலம் சாயங்காலம் கேட்ட அஞ்சு சுரம், அது என்ன பெரிய வித்தையா? ஊதிக் காட்டினார். இருக்கிற உருக்கத்தையெல்லாம் சேர்த்து, ஏறுகிற மூணில் ஒரு குழைவு, விழுகிறதில் ஒரு சுழி, கடைசியில் நடுங்க நடுங்க ஒரு இழுப்பு. அபிஷாவுக்கே கண் கலங்கியது.

அந்தப் பக்கம் அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "யாரு இது?"

திரும்ப ஊதினார்.

"யாரோ பெரிய மனுஷன் நகையெல்லாம் போட்டுட்டு வந்து நிக்கிறான்," என்றாள் அம்மா. "எம் பையன் இல்ல."

நாற்பது வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. குழைக்காமல் ஊதிப் பார்த்தார். ஊஹூம், விரல் கேட்கவில்லை. மூணாவது சுரத்தில் தானாக ஒரு அசைவு வந்து ஒட்டிக்கொண்டது. பழகின கை பாருங்கள், விடுமா? நாலாவது தடவை அந்த அம்மா, "நாளைக்குப் பேசலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்ததைப் பார்த்து அபிஷா போனை அணைத்தாள். சூசைமாணிக்கத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இன்னும் ரெண்டு நாள்தான். அதற்குள் வரவில்லையென்றால் இன்னொரு பையன் பேர்கூடக் கூப்பிடாமல் மண்ணுக்குள் போவான்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் பள்ளிக்கூட வாட்ச்மேன் ஐயாக்கண்ணுவைப் பார்த்தார். ஒபின்னாவின் சாமான் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கட்டி வைத்திருந்தது. ஐயாக்கண்ணு கேள்வி கேட்காமல் மரக்குழலைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

போன வாரம், காப்பியைப் பூக்கவைக்கிற பூ மழை பெய்து, எஸ்டேட் முழுக்கக் காப்பி பூத்துக் கிடந்தது. சில்வர் ஓக் மரத்தடியில் ஏணியைச் சாய்த்துவிட்டு, சூசைமாணிக்கம் குழலை உதட்டில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. கிளாரினெட்டில் சீவாளியைக் கடித்து ஊதிப் பழகின வாய். இதிலோ கடிக்க ஒன்றுமில்லை, வாயோரம் ஒரு வெட்டு, மூணு ஓட்டை, அவ்வளவுதான். மரம் ஏறினார், ஒரு கூடை மிளகு பறித்தார், இறங்கி வந்து ஊதினார். புஸ். திரும்ப ஏறினார். எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் வந்து, "ஏனுங்க சூசையண்ணா, இன்னைக்குக் கொத்து ஒண்ணும் காணோமே?" என்று கேட்டுவிட்டு, அவர் கையில் இருந்ததைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டார்.

பத்தரை மணிக்கு முதல் சத்தம் வந்தது. மெல்லிசு, கொஞ்சம் மரத்து வாசனையோடு. மத்தியானத்துக்குள் அஞ்சு சுரமும் வந்தது. இந்தக் குழலில் குழைக்க முடியாது. இழுத்தால் உடைந்துபோகும். நேராக ஏறு, நேராக விழு, நில். ஊத ஊதக் கண்ணில் தெரிந்தது யார்? சரிவுப் பாதையில் பசியோடு ஏறி வருகிற அந்த ஆறடி ஆள், அப்படியே, வேறு யாரும் இல்லை. நேற்று கிளாரினெட்டில் வந்து நின்றது ஒபின்னா அல்ல, சூசைமாணிக்கம். இத்தனை வருஷமாகச் செத்தவர்களுக்காக ஊதினோமா, நம் கையை ஊர் மெச்ச வேண்டும் என்று ஊதினோமா? ஏணிக் காலில் உட்கார்ந்து அதை நினைத்து அழுதார். வாய்விட்டு அழுதார், கேட்க அங்கே யாரும் இல்லை.

சாயங்காலப் பூசைக்கு முன்னால், நாலு மணிக்கு, அபிஷா போன் போட்டாள். அவர் ஒரே ஒரு தடவை ஊதினார். அந்த அம்மாவின் வலது கை தானாக மேலே போனது. அவர்கள் பாஷையில் ஏதோ ஒரு வார்த்தை, மகனைப் பார்த்துச் சொல்வது போல, திரைக்கு வெளியே யாரையோ பார்த்துச் சொன்னாள்.

"அப்பா," என்றாள் அபிஷா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவனேதான்னு சொல்றாங்க."

அது முடிந்தது, அடுத்தது சட்டம். இதுவரைக்கும் அவர் அதை வேண்டுமென்றே நினைக்காமல் இருந்தார். பெரிய வெள்ளி, சிலுவையை முத்தமிடுகிற சடங்கு முடிந்து ஜனங்கள் கலைந்தபின், பங்குத் தந்தையைத் தேடிப் போனார். சின்ன வயசு சாமியார், ஊருக்கு வந்து ஒன்றரை வருஷம்.

"ஃபாதர், நாளைக்குக் கல்லறையில ஒபின்னா பேரைக் குழல்ல கூப்பிடணுங்க."

சாமியார் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "சூசையண்ணா, நீங்களா கேக்கறீங்க? நாளைக்கு அடக்கம் பண்ணலாம், ஜெபம் சொல்லலாம். பாட்டும் வாத்தியமும் கூடாதுங்க. போன வருஷம் இதே நாள்ல கோவில்ல ஒருத்தர் ஆர்மோனியத்தைத் தொட்டதுக்கு நீங்கதான் சண்டை போட்டீங்க."

"போட்டேனுங்க ஃபாதர்."

"அப்பறம்?"

சூசைமாணிக்கம் சட்டத்துக்கு எதிராக வாதம் பண்ணிப் பழக்கமில்லாத மனுஷன். "இது பாட்டு இல்லீங்க," என்றார். "அவம் பேரு. எங்கம்மா என்னைய சூசைன்னு கூப்பிட்டா பாட்டா அது? மணி கூடாதுன்னு மரக்கட்டையத் தட்டறோமுங்க, இதும் மரந்தான். எம் பையனை அனுப்பறப்ப எனக்கு ஊதக் கிடைக்கலீங்க ஃபாதர். சட்டம்னு கம்முனு ஊட்டுக்குள்ள இருந்துட்டேன். இதையும் சும்மா பாத்துட்டு நிக்க முடியாதுங்க. அப்பிடி நின்னேன்னா அப்பறம் நான் கிளாரினெட்டத் தொடவே மாட்டேன்."

சாமியார் திரும்பினார். வெறுமையாகத் துணி களைந்து கிடந்த பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை?"

"மூணுங்க."

"மூணோட நிறுத்திக்கணும்."

"நிறுத்திக்கறேனுங்க ஃபாதர். சத்தியமா."

சனிக்கிழமை காலையில் பனிமூட்டம். அவனிடம் ஆடினவர்கள் முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஜீப் ஓட்டுகிறவன், கறிக்கடைக்காரன், பேங்கில் இருக்கிறவன், எல்லாரும் இப்போது மீசை வைத்த ஆம்பளைகள். அவர்கள்தான் மாற்றி மாற்றிப் பெட்டியைத் தூக்கினார்கள். காலடிச் சத்தம் மட்டும். பேண்ட் இல்லாமல் அந்தப் பாதையில் போவது சூசைமாணிக்கத்துக்கு நடக்கத் தெரியாதவனை நடக்கவிட்ட மாதிரி இருந்தது.

குழி கிங்ஸ்டன் இருக்கிற வரிசைக்கு மூணு வரிசை கீழே. அபிஷா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள், அதில் நீலத் துணி தெரிந்தது. சாமியார் ஜெபத்தை முடித்துத் தீர்த்தம் தெளித்தார். சூசைமாணிக்கத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் தடவை ஊதினார். மூணு ஏறி, ஒன்று விழுந்து, ஒன்று நின்றது. காத்திருந்தார்கள். ரெண்டாவது. "அப்பா, அந்தம்மா லைன்ல இருந்து போயிட்டாங்க, டவர் இல்ல," என்று அபிஷா பதறினாள். போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். திரையில் வட்டம்தான் சுற்றியது. பதில் கொடுக்க வேண்டியவள் அந்தக் கோடியில் இருக்கிறாள். கூப்பிடுகிறவனே பதில் சொல்ல முடியாது. நிறுத்தலாம் என்றால் மூச்சு ஏற்கெனவே குழலுக்குள் போய்விட்டது. மூணாவதும் ஊதி முடித்துவிட்டு, யாருமில்லாத பக்கமாகப் பார்த்தார்.

கூட்டத்தில் அந்த ஜீப் டிரைவர் சத்யராஜ் கையைத் தூக்கினான். "ஓய்!" யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, மைதானத்துப் பழக்கம். பக்கத்தில் இருந்தவன் தூக்கினான். அப்புறம் அத்தனை பேரும். முப்பது கை, முப்பது தொண்டை. "ஓய்!" சில பேருக்குக் குரல் உடைந்தது. சேர்ந்தவர்கள் என்று அந்த அம்மா சொன்னது இவர்களைத்தான் என்று சூசைமாணிக்கத்துக்கு அப்போது விளங்கியது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

குழலைத் துணியில் சுற்றப்போனபோதுதான் மரியசெல்வி பக்கத்தில் இல்லை என்று பார்த்தார். மூணு வரிசை மேலே, மகனுடைய சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவர் ஏறிப் போனார்.

"ஏனுங்க," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "நம்ம பையனையும் கூப்பிடுங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தானுங்க அன்னைக்குப் புடுங்கிட்டேன். அஞ்சு வருஷமா ஷூவைக் கட்டிட்டு வெளியவே நிக்கிறானுங்க. கூப்பிடுங்க."

சூசைமாணிக்கம் திரும்பிக் கீழே பார்த்தார். சாமியார் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூணு முடிந்துவிட்டது. சத்தியம் பண்ணியிருக்கிறார். வாழ்நாளில் மீறாத மனுஷன். துணியை உதறிவிட்டுக் குழலை எடுத்து உதட்டில் வைத்தார்.

நாலு சுரம், கடைசியில் ஒரு துள்ளல். ஒரு குழைவு இல்லை, ஒரு சுழி இல்லை. கீழே முப்பது தலையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது, அவர்களுக்கு அது யாரென்று தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ரெண்டாவது தடவை ஊதினார். மரியசெல்வி சிலுவையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றாள். மூணாவது தடவைக்கு மூச்சு வரவில்லை. நின்று, விழுங்கி, திரும்ப இழுத்து ஊதினார்.

மரியசெல்வி கையைத் தூக்கினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது கட்டின புருஷனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஓய்!" என்றாள். பிறகு, தணிந்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி, "போ சாமி. எறங்கி ஆடு, போ" என்றாள்.